வியன்னாவைத் திட்டித் தீர்த்த எகோன்

எகோன் கஷூபெக் வாழ்க்கையில் இரண்டே விஷயங்களுக்குத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். ஒன்று, அடுப்புச் சாம்பலைச் சூடு ஆறாமல் குப்பைத் தொட்டியில் கொட்டும் வீட்டுக்காரர்கள். இன்னொன்று, வியன்னா.

முதலாவதில் நியாயம் இருந்தது. நகராட்சிக் குப்பை லாரியின் பின்படியில் தொங்கியே ஆயுசில் பாதியைக் கழித்தவன் அவன். ஒரு பனிக்காலத்தில் எவன் வீட்டுச் சாம்பலோ உள்ளே கனன்று, லாரியும் புகைந்து, எகோனின் மீசையும் பாதி போனது. வியன்னா விஷயத்தில் நியாயம் என்று ஒன்றும் கிடையாது. அந்த ஊருக்கு அவன் போனதே இல்லை. போகாத ஊரைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், நேரில் பார்த்து மனசு மாறிவிடும் ஆபத்து இல்லை.

"குதிரைச் சாணியும் கேக்கும். வேற என்ன இருக்கு அங்க?" என்பான். "புருஷனைப் புதைச்ச பொம்பளைங்க போற ஊருடா அது."

ஜெர்மனியில் வான்னே என்ற சுரங்க ஊரில் பிறந்தவன். அப்பன் சுரங்கத்தில் இருந்தான். மகனுக்கு மீசை முளைக்கும் முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எகோன் படித்ததில் மிச்சம் நின்றது கூட்டல் கணக்கும், பொய் சொல்லும்போது முகத்தை அசைக்காமல் வைத்திருக்கும் வித்தையும். என் கதையும் அதேதான். நான் தரை ஓடு பதிக்கிறவன். பள்ளிக்கூடம் எனக்குக் கூட்டலைக்கூடச் சரியாகத் தரவில்லை. எகோனின் மனைவி குட்ருன், நீச்சல் குளத்தில் சாவி கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். அந்த வீட்டில் சத்தம் எகோனுடையது, முடிவு குட்ருனுடையது. நல்ல குடும்பம்.

வியாழக்கிழமை தோறும் நாங்கள் ஆறு பேர் மார்லீஸின் சாராயக்கடைக்குக் கீழே நிலவறையில் கூடுவோம். அங்கே மரக்கட்டை ஆடும் தளம் இருக்கிறது. நீளமான பாதை, கடைசியில் ஒன்பது கட்டைகள். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். ஒன்பதும் சாய்ந்தால் மணி அடிக்கும். பந்து ஓரத்து வாய்க்காலில் விழுந்தால் தகரப் பெட்டியில் அபராதம் போட வேண்டும். எங்கள் குழுவின் பெயரே வாய்க்கால் ராஜாக்கள். அந்தப் பெயரைக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தோம். வருடம் முழுக்க வாய்க்காலில் உருட்டியது மே மாதத்தில் ஒரு ஊராகத் திரும்பி வரும். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஆறு பேர் மட்டும், நாலு நாள். பிராகா போனோம், டப்ளின் போனோம், புடாபெஸ்ட் போனோம். மோசமாக ஆடினால் தூரமாகப் போகலாம். இதைவிட நேர்மையான சேமிப்புத் திட்டத்தை எந்த வங்கியும் கண்டுபிடிக்கவில்லை.

ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கும் முறை உண்டு. சண்டை போட்டுக் கடைசியில் இரண்டு ஊர் மிஞ்சும். ஒரு ஊர் மேசைக்கு இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம். அவனவன் பீர்க் கோப்பையை விரும்பும் பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி. சமமாக வந்தால் பக்கத்துக்கு ஒருவன் ஒரே ஒரு பந்து உருட்டுவான். அதிகம் சாய்த்தவன் ஊர்தான் ஊர். அதற்கு மேல் பேச்சில்லை. கடவுளிடமாவது முறையிடலாம், தளத்திடம் முடியாது.

ஒருகாலத்தில் நாங்கள் ஏழு பேர். ஏழாவது ஆள் ஃப்ரீட்ஹெல்ம். அவனுக்கு நுரையீரல் கெட்டது. அவன் வந்து உட்கார்ந்தால் சளியின் நிறம், மாத்திரையின் நிறம், டாக்டரின் தலைமுடி நிறம் வரைக்கும் சொல்லுவான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தோம். லோத்தாருக்கு மூலம், வெர்னருக்குச் சிறுநீர். ஒரு வியாழன் முழுக்க ஒரு பந்துகூட உருட்டாமல் சிறுநீரிலேயே போயிற்று. அன்றைக்கு எகோன் மேசையைத் தட்டினான்.

"இது ஆட்டமா ஆஸ்பத்திரியா? இனிமே எவன் நோய் பத்தி வாயைத் திறக்குறானோ, அவன் இந்த நாற்காலி மேல ஏறி நின்னு மூணு தடவை சேவல் மாதிரி கூவணும். சட்டம்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே கோப்பையை உயர்த்தினோம். சட்டம் ஆயிற்று. ஃப்ரீட்ஹெல்முக்கு அப்புறம் பேச எதுவும் இல்லை. புடாபெஸ்ட்டுக்கு அவனால் வர முடியவில்லை. திரும்பி வந்து ஆறு மாதம் புடாபெஸ்ட் பற்றியே பேசினோம், அவன் நடுவில் உட்கார்ந்து தலையாட்டினான். பிறகு வாரம் விட்டு வந்தான். பிறகு வரவில்லை. அவன் பெயர் பொறித்த கோப்பையில் மார்லீஸ் கொத்தமல்லி மாதிரி ஏதோ கீரை நட்டு ஜன்னலில் வைத்துவிட்டாள். யாரும் அவனை வெளியே தள்ளவில்லை. ஒரு பயணம் விட்டான், அவ்வளவுதான். எங்களுக்கெல்லாம் அது மறந்துபோயிற்று. எகோனுக்கு மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது லிஸ்பனுக்கு வருகிறேன்.

வெர்னர் தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் என்றால் சாப்பாட்டை விடப் பிடிக்கும். அவனுக்கு வியன்னா ஆசை. லோத்தார் மரச்சாமான் கடை வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு வெயில் எங்கே இருக்கிறதோ அங்கே ஆசை, அதனால் லிஸ்பன். இரண்டு வருடமாக இந்த இழுபறி. இரண்டு வருடமும் லோத்தாரைவிட அதிகமாக லிஸ்பனுக்குக் கத்தியவன் எகோன். லிஸ்பன் மேல் அவனுக்குக் காதல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெர்னரை எரிச்சல்படுத்த அது நல்ல கருவி.

"லிஸ்பன்னா மலைடா, மலை" என்று தொடையைத் தட்டுவான். "தெரு செங்குத்தா நிக்கும். ஆம்பளை ஏறுற ஊரு. காலு இல்லாதவன் வியன்னாவுக்குப் போகட்டும். டிராம்ல உக்காந்து கேக்கு திங்கட்டும்."

இதை அவன் சொன்னபோது ஆறு பேரும் கேட்டோம். மேலே கடையில் மார்லீஸுக்கும் கேட்டிருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் எகோனிடம் இரண்டு மாற்றம். ஆயுசு முழுக்கத் தாமதமாக வந்தவன் முதல் ஆளாக நிலவறையில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் போன பிறகும் "பீர் மிச்சம் இருக்கு" என்று உட்கார்ந்திருந்தான். இன்னொன்று, அவன் ஆட்டம் திடீரென்று பிரமாதமாகிவிட்டது. முன்பெல்லாம் காளை மாதிரி ஓடிவந்து பந்தை வாய்க்காலில் இறக்குவான். இப்போது ஓட்டமே இல்லை. கோட்டருகே நின்று, ஒருபக்கமாகச் சாய்ந்து, சோம்பலாக விடுவான். பந்து வளைந்து போய்க் கட்டைகளை வாரிப் போடும். "கத்துக்கிட்டேன்" என்றான். நாங்களும் நம்பினோம். குடிகாரர்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தி.

ஒரு சனிக்கிழமை காலையில் ரொட்டிக் கடையில் குட்ருன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"தேயோ, ஊரு எப்ப முடிவு பண்றீங்க?"

"வர்ற வியாழன்."

"வியன்னா ஆக்கு."

"உன் புருஷன் லிஸ்பன் லிஸ்பன்னு குதிக்கிறானே."

"குதிக்கிறானா? அவன் குதிச்சு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? படியில பின்பக்கமா இறங்குறான், நண்டு மாதிரி. சாக்ஸ் நான்தான் மாட்டிவிடுறேன். டாக்டர் படம் எடுத்துக் காட்டினாரு. இடுப்பு மூட்டு சொத்தைப் பல்லு மாதிரி இருக்கு. மாத்தணுமாம். 'மே முடியட்டும்'னு சொல்லிட்டு வந்துட்டான்."

"சொல்ல வேண்டியதுதானே எங்ககிட்ட."

"சொன்னா என்ன ஆகும்? 'நீ வீட்ல இரு, அடுத்த வருஷம் பாக்கலாம்'னுவீங்க. அடுத்த வருஷம் அவன் கோப்பையில கீரை முளைக்கும். அதைத்தான் ராத்திரி எல்லாம் உக்காந்து நினைக்கிறான். வலியை நினைக்கல. நாலு நாள் சமதரையில நடந்துருவான், பல்லைக் கடிச்சுக்கிட்டு. மலை ஏற முடியாது. நான் சொன்னேன்னு மட்டும் தெரிஞ்சுது, உன் பல்லு உன் வாயில இருக்காது."

ரொட்டிக்காரி எங்களைப் பார்த்து ஏதோ கள்ளக்காதல் என்று நினைத்திருப்பாள். இருந்தால் இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கணக்குப் போட்டேன். வெர்னரும் நானும் வியன்னா. லோத்தாரும் எகோனும் லிஸ்பன், ஏனென்றால் எகோனால் வேறு பக்கம் கோப்பையை வைக்க முடியாது. வைத்தால் 'காலு இல்லாதவன்' என்று அவனே சொன்ன சொல் அவன் கழுத்தைப் பிடிக்கும். மிச்சம் குபிட்சா அண்ணன் தம்பி, இருவரும் சுவர் பூச்சு வேலைக்காரர்கள். பெரியவன் ஒன்று சொன்னால் சின்னவன் எதிரானதைச் சொல்லுவான். ஒரே வண்டியில் வேலைக்குப் போவார்கள், ஆளுக்கு ஒரு ஜன்னல் வழியாகத் துப்புவார்கள். பெரிய குபிட்சாவுக்கு இரண்டு பீர் வாங்கிக் கொடுத்து வியன்னா பக்கம் இழுத்தேன். என் பணம் வீண். மறுநாளே சின்னவன் லிஸ்பன் பக்கம் சாய்ந்துவிட்டான். மூன்றுக்கு மூன்று.

எகோனும் தன் பங்குக்கு வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் லிஸ்பனை வெளியே புகழ்ந்துகொண்டே உள்ளே கரையான் மாதிரி அரித்தான்.

"லிஸ்பன்ல நிலநடுக்கம் வருமாம்" என்றான் ஒருநாள், கவலைப்படுகிறவன் போல.

"எப்ப?" என்றான் லோத்தார்.

"முன்னாடி வந்துச்சு."

"எப்படா?"

"கொஞ்சம் முன்னாடி. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல."

"அப்ப முடிஞ்சு போச்சுல்ல."

"அதான், ரொம்ப நாளா வரல. வரவேண்டிய முறை."

லோத்தார் அதற்கும் மசியவில்லை. அவன் ஏற்கெனவே வைக்கோல் தொப்பி வாங்கிவிட்டான்.

அந்த வியாழன் வந்தது. மார்லீஸ் வேகாத பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டிகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டு வந்து வைத்தாள். எகோன் வழக்கம்போல் எங்களுக்கு முன்பே மூலையில் உட்கார்ந்திருந்தான். கோப்பைகள் நகர்ந்தன. எகோன் தன் கோப்பையை லிஸ்பன் பக்கம் தள்ளியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சவப்பெட்டியை இறக்குகிறவன் அப்படித்தான் தள்ளுவான்.

மூன்றுக்கு மூன்று. தளம் முடிவு செய்ய வேண்டும்.

"எங்க பக்கம் வெர்னர்" என்றேன்.

"எங்க பக்கம் எகோன்" என்றான் லோத்தார். "ஆறு மாசமா அவன்தான் ராஜா."

"நீயே போடேன்" என்றான் எகோன். "உன் ஊருதானே."

"என் ஊரா? நம்ம ஊருடா. எந்திரி."

"கை சரியில்ல—" என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. "கை சரியில்லாத நேரத்துல கூட உன்னைவிட நல்லா போடுவேன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தான். நல்ல சமாளிப்பு. முகம் அசையவில்லை.

வெர்னர் முதலில் உருட்டினான். அவன் பந்தை உருட்டுவது தபால் முத்திரை குத்துவது மாதிரி இருக்கும், ஒரே அளவு, ஒரே வேகம். ஏழு சாய்ந்தது. ஏழு என்பது எங்கள் கூட்டத்தில் பெரிய விஷயம். எனக்கு மூச்சு வந்தது. எகோன் வேண்டுமென்றே வாய்க்காலில் விட்டால் போதும். அதில் அவனுக்கு ஆயுட்கால அனுபவம் இருக்கிறது.

எகோன் எழுந்தான். மேசையைப் பிடித்து, நாற்காலி முதுகைப் பிடித்து, கம்பத்தைப் பிடித்து, எதையோ தேடுகிறவன் மாதிரி கோடு வரைக்கும் போனான். பந்தை எடுத்தான். இடது ஓரத்து வாய்க்காலையே பார்த்தான். அவன் குறி பார்த்து ஒரு பந்தை விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

பந்து போனது. ஓரத்துக்கு ஓரமாக, குடித்தவன் நடைபாதை விளிம்பில் நடப்பது போலத் தள்ளாடிக்கொண்டு போனது. ஒரு விரல் அந்தப் பக்கம் போனால் வாய்க்கால். போகவில்லை. எங்கள் தளம் கடைசியில் கொஞ்சம் அகலமாகும். அங்கே போனதும் பந்துக்குப் புத்தி வந்ததோ கெட்டதோ, உள்பக்கமாக வளைந்தது. முதல் கட்டையை விலாவில் தட்டியது. அது பக்கத்துக் கட்டையைத் தட்ட, அது அடுத்ததைத் தட்ட, கடைசியாக ஒரே ஒரு கட்டை நின்று ஆடிக்கொண்டிருந்தது. எகோன் வாய்க்குள் ஏதோ சொன்னான். வேண்டினானோ திட்டினானோ. அதுவும் படுத்துவிட்டது.

மணி அடித்தது.

லோத்தார் தொப்பியை வீட்டிலிருந்து கொண்டுவராததற்கு வருத்தப்பட்டான். சின்ன குபிட்சா பெரியவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். எகோன் அங்கேயே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்பது கட்டையையும் ஒரே பந்தில் சாய்த்தவன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"வியன்னாவே போகலாம்" என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

"என்னது?"

"வெர்னர் ரெண்டு வருஷமா கேக்குறான். பாவம். விட்டுக் கொடுக்கலாம்."

"எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்" என்றான் வெர்னர், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "தளம் சொல்லியாச்சு. லிஸ்பன்னா லிஸ்பன்தான். சட்டம்னா சட்டம்." அந்த நேரத்தில் அவனைத் தூக்கித் தபால் பெட்டிக்குள் போடலாம் போல இருந்தது எனக்கு.

"அங்க வெறும் மீனு" என்றான் எகோன். "எனக்கு மீன் ஆகாது."

"கிறிஸ்துமஸுக்கு ஒரு வாளி ஹெரிங் மீனைத் தின்னுட்டு எண்ணெயையும் குடிச்சவன் யாரு?" என்றான் லோத்தார்.

"வெயில் ஒத்துக்காது."

"வெயில்ல நின்னே வயித்தைக் கழுவுனவன்டா நீ."

"விமானம்..."

லோத்தார் மேசையில் கையூன்றி எழுந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் காது முதலில் சிவக்கும். "இங்க பாரு எகோன். ரெண்டு வருஷம் நீதான் லிஸ்பன்னு கத்தினே. உன்னை நம்பித்தான் நான் கத்தினேன். இப்ப உனக்கு என்ன வந்துச்சு? யாரு உன்னைத் திருப்புனது? வெர்னர் பீர் வாங்கிக் கொடுத்தானா? இல்ல, பொண்டாட்டி விட மாட்டேன்னுட்டாளா? இல்ல, காலு இல்லாதவன் ஆயிட்டியா?"

கடைசியாகச் சொன்னது அவன் யோசித்துச் சொன்னதல்ல. எகோனின் பழைய வசனத்தை எகோன் மேலேயே எறிந்தான், அவ்வளவுதான். நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். தாமதம்.

எகோன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"இடுப்பு."

ஒரே சொல்.

"எனக்கு எதுவும் கேக்கல" என்றான் வெர்னர். அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை. சட்டத்தை வளைத்தான் அந்த மனுஷன், முதல் தடவையாக.

"எனக்கும் கேக்கல" என்றேன்.

"கேட்டுச்சு உங்களுக்கு" என்றான் எகோன். "நான் போட்ட சட்டம். ஃப்ரீட்ஹெல்ம் இருமிக்கிட்டே ஏறி நின்னு கூவினான், நாம சிரிச்சோம். நான் ஏறாம இருந்தா நான் யாரு?"

நாற்காலியை இழுத்தான். வலது காலைத் தூக்கினான். உள்ளங்கை உயரம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பேன்ட்டைப் பிடித்துக் கையால் தூக்கினான். முகம் வெண்ணெய் நிறத்துக்குப் போனது. இன்னொரு காலை முயன்றான், அதற்கு இந்தக் கால் நிற்க மறுத்தது. நாங்கள் ஐந்து பேரும் எதையாவது பார்க்க வேண்டுமே என்று ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது குபிட்சா சகோதரர்கள் எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவன் எகோனின் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தான். ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம், சிமெண்டு மூட்டை தூக்குகிற மாதிரி நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார்கள். இரண்டு கோப்பை உருண்டது. எகோன் தலை கூரை விளக்கில் இடித்தது.

"கூவு" என்றான் பெரியவன்.

"ஆமா, கூவு" என்றான் சின்னவன். அவர்கள் இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னதற்குச் சாட்சி நாங்கள் நாலு பேர்.

எகோன் கூவினான். முதல் கூவல் சேவல் மாதிரி இல்லை, கதவு கீல் மாதிரி இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது மேலே தெரு வரைக்கும் போயிருக்கும். மார்லீஸ் இறங்கி வந்தாள்.

"கட்டை ஆட வந்தீங்களா, கோழிப் பண்ணை வைக்க வந்தீங்களா? என் மேசை மேல எதுக்குடா இவன்?"

"தண்டனை அனுபவிக்கிறான்" என்றான் வெர்னர்.

"இடுப்பா?" என்றாள் அவள் எகோனைப் பார்த்து. "சொல்லிட்டியா? அப்பாடா. ஒவ்வொரு வியாழனும் இந்த ஆளைப் படியில பிடிச்சு இறக்கி என் இடுப்பு போச்சு." மேலே ஏறிப் போய்விட்டாள்.

மூன்று முறை கூவியாகிவிட்டது, இனி பேச உரிமை உண்டு. எகோன் மேசை மேல் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர், படம், சொத்தைப் பல், குட்ருன் மாட்டிவிடும் சாக்ஸ். மயக்க மருந்தில் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம். அதைவிடப் பெரிய பயத்தை, விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க போய்ட்டு வந்து பேசுவீங்க. நான் தலையாட்டுவேன். அப்புறம் ஆட்டவும் வர மாட்டேன். எனக்குத் தெரியும் அது எப்படின்னு. நான்தானே முன்னாடி நின்னு பண்ணினேன்."

லோத்தாரின் காது இன்னும் சிவப்பாக இருந்தது. இப்போது வேறு காரணத்துக்காக.

"தளம் லிஸ்பன்னு சொல்லிடுச்சு" என்றான். "தளத்தை மாத்த முடியாது. ஆனா மலை ஏறணும்னு தளம் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. வெர்னர், அப்படிச் சட்டம் இருக்கா?"

வெர்னர் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஊருக்குப் போகணும்னுதான் இருக்கு" என்றான். "ஊருக்குள்ள எங்க உக்காரணும்னு ஒண்ணும் இல்ல."

"ஒழுங்கா ஆபரேஷனுக்கு நாள் வாங்கு" என்றேன் நான். "ஜூன்ல. மே மாசம் நீ எங்க கூட."

"ஜூன்லயா? மே முடியட்டும்னு டாக்டர்கிட்ட நான் சொன்னது உனக்கு எப்படிடா தெரியும்?"

என் பல்லை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

மே மாதம் லிஸ்பன் போனோம். முதல் நாள் ஐந்து பேரும் கோட்டைக்கு ஏறினோம், எகோன் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் ஒரு ஓட்டல் மேசையில் இருந்தான். ஏறினோம் என்பது சின்ன வார்த்தை. லோத்தார் பாதி வழியில் தொப்பியில் வாந்தி எடுக்கப் பார்த்தான். வெர்னர் ஒவ்வொரு திருப்பத்திலும் வரைபடத்தைப் பார்க்கிறேன் என்று நின்றான். மேலே போனபோது கோட்டைக்குள் நுழைய நீண்ட வரிசை. வெளியே நின்று சுவரைப் பார்த்துவிட்டு இறங்கினோம். கீழே வந்தால் எகோன் நிழலில், வேலைக்காரப் பையனுக்கு ஜெர்மன் கெட்ட வார்த்தை சொல்லிக் கொடுத்துக்கொண்டு, எலும்பு மட்டும் மிஞ்சிய மத்தி மீன் தட்டுக்கு முன்னால் இருந்தான். மீன் ஆகாதவன்.

இரண்டாம் நாள் காலையில் லோத்தார் சொன்னான், "எகோன் தனியா இருக்கான், பாவம். ஒருத்தன் கூட இருக்கணும். நான் இருக்கேன்."

"நேத்தே நீ கஷ்டப்பட்டே. இன்னைக்கு நான் இருக்கேன்" என்றான் பெரிய குபிட்சா.

"மூத்தவன் ஊரு பாக்கணும். நான் இருக்கேன்" என்றான் சின்னவன்.

வெர்னர் முறை போட்டுக் கொடுத்தான். அந்த முறைப்படி முதல் ஆள் வெர்னர். மத்தியானத்துக்குள் முறை கிழிந்தது. மூன்றாம் நாள் ஆறு பேரும் ஒரே மேசையில் இருந்தோம். மஞ்சள் டிராம் மலை ஏறுவதைக் கீழே இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஊரைப் பற்றி யாராவது கேட்டால் அந்தச் சதுக்கத்தின் ஒவ்வொரு புறாவையும் என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

கடைசி நாள் மத்தியானம் வெர்னர் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து மேசை மேல் விரித்தான். வியன்னா.

"அடுத்த மே" என்றான்.

"நேப்பிள்ஸ்" என்றான் லோத்தார், உரிந்துகொண்டிருந்த மூக்கைச் சொறிந்தபடி. "வெயில் அங்க இன்னும் ஜாஸ்தி."

"நான் வியன்னா" என்றான் பெரிய குபிட்சா.

சின்னவன் ஏற்கெனவே கோப்பையை நேப்பிள்ஸ் பக்கம் நகர்த்திவிட்டான். நான் வெர்னர் பக்கம் வைத்தேன். எல்லாரும் எகோனைப் பார்த்தோம்.

"என்னடா பாக்குறீங்க?"

"எந்தப் பக்கம்?" என்றான் வெர்னர். "சீக்கிரம் சொல்லு. நீ வச்சாத்தான் சமமா இல்லையான்னு தெரியும்."

எகோன் கோப்பையைத் தூக்கினான். வைக்கவில்லை. ஆற்றைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மீசையைத் துடைத்தான்.

"இப்ப சொல்ல முடியாது. அடுத்த மே மாசம் எனக்குப் புது இடுப்பு இருக்கும்" என்றான். "அதுக்கு எந்த ஊரு பிடிக்குமோ, எவன் கண்டான். முதல்ல அதுகிட்ட கேக்கணும்."

"அதுக்கும் ஓட்டு உண்டா?" என்றான் லோத்தார்.

"என் ஓட்டு தனி, அது ஓட்டு தனி."

"அப்ப ஏழு பேர் ஆயிடும். சமமா வராது" என்று வெர்னர் மறுப்புச் சொல்ல ஆரம்பித்தான். அது சட்டப்படி செல்லுமா செல்லாதா என்று விமானத்தில் ஏறும் வரைக்கும் சண்டை போட்டோம்.